லினக்ஸ் மடிக்கணினியில் பேட்டரி நீடிக்க: முதலில் வாட் கணக்கைப் பாருங்கள்

லினக்ஸுக்கு மாறிய பிறகு பேட்டரி நிற்பதே இல்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: சும்மா இருக்கும்போது உங்கள் மடிக்கணினி எத்தனை வாட் இழுக்கிறது? பெரும்பாலும் பதில் வராது. "முன்பு ஐந்து மணி நேரம் வந்தது, இப்போது மூன்றைத் தாண்டவில்லை" என்பார்கள். மணிக்கணக்கை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. அன்று என்ன வேலை செய்தோம், திரை எவ்வளவு வெளிச்சமாக இருந்தது, பேட்டரிக்கு எத்தனை வயது என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. வாட் கணக்கு அப்படிப்பட்டதன்று. இந்த நொடியில் நடப்பதை மட்டும் சொல்லும். ஓர் அமைப்பை மாற்றினால் ஐந்தாவது நிமிடத்தில் பலன் தெரிந்துவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே முறைதான்: அளந்து பாருங்கள், ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மறுபடி அளந்து பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் பத்து யோசனைகளையும் ஒரே மாலையில் செய்து முடித்துவிட்டால், அவற்றில் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

வாட் எண்ணை எங்கே பார்ப்பது

பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் சொல்லப்படுகிறது. கணினி செலவிடும் வேகம் வாட்டில். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது மணி நேரம். 50 வாட்-மணி பேட்டரியில் 10 வாட் செலவானால் ஐந்து மணி நேரம். அதையே 6 வாட்டாகக் குறைத்தால் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நான்கு வாட் பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடியிருக்கிறது. ஏற்கெனவே குறைவாகச் செலவழிக்கும் கணினியில் ஒவ்வொரு வாட்டும் இன்னும் கூடுதலாகப் பேசும்.

சார்ஜரைக் கழற்றுங்கள். எல்லாச் செயலிகளையும் மூடுங்கள். திரை வெளிச்சத்தைப் பாதியில் வையுங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். கணினி இயங்கத் தொடங்கிய உடனே பின்னணியில் பல வேலைகள் ஓடும், அவை அடங்க வேண்டும். பிறகு முனையத்தைத் திறந்து, யூபவர் என்ற கட்டளையை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகளோடு டம்ப் என்ற சொல்லைச் சேர்த்து எண்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் பேட்டரி என்ற பகுதியைத் தேடுங்கள். எனர்ஜி ரேட் என்ற வரியில் உள்ளதுதான் நீங்கள் தேடும் வாட் எண். சார்ஜர் செருகியிருந்தால் அதே வரி சார்ஜ் ஏறும் வேகத்தைக் காட்டும் என்பதால், கழற்றியதை மறந்துவிடாதீர்கள். எண் கொஞ்சம் ஏறி இறங்கும். அரை நிமிட இடைவெளியில் நான்கைந்து முறை பார்த்து நடுவான ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத, கடந்த சில ஆண்டுகளில் வந்த மெல்லிய மடிக்கணினி இந்த நிலையில் ஐந்தாறு வாட்டை ஒட்டி இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டிருக்கிறது. பதினைந்து என்றால் அநேகமாகக் கிராஃபிக்ஸ் சிப்தான். அதற்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறது. விளையாட்டுக்கென்றே செய்த பெரிய கணினிகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

அதே பட்டியலில் இன்னும் இரண்டு வரிகளையும் பார்த்துவிடுங்கள். எனர்ஜி ஃபுல் டிசைன் என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது கொள்ள வேண்டிய அளவு. எனர்ஜி ஃபுல் என்பது இன்று அது உண்மையில் கொள்ளும் அளவு. 57 கொள்ள வேண்டியது 34 மட்டுமே கொண்டால், உங்கள் குறைக்கு லினக்ஸ் பொறுப்பில்லை. இந்த ஒரு பார்வை பலருடைய பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எளிதானவற்றை முடித்துவிடுவோம்

திரைதான் முதல் செலவாளி. வெளிச்சத்தைக் கண்ணுக்கு வசதியான அளவுக்குக் குறையுங்கள். இதைவிட மலிவான சேமிப்பு வேறில்லை. உங்கள் திரை 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் வகையாக இருந்தால், அமைப்புகளில் திரைப் பகுதிக்குப் போய் 60க்கு இறக்கி வாட் எண்ணைப் பாருங்கள். கறுப்புப் பின்னணி பேட்டரியைச் சேமிக்கும் என்பது ஓஎல்இடி திரைகளுக்கு மட்டுமே உண்மை. சாதாரண எல்சிடியில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும், படம் கறுப்பானாலும் வெளுப்பானாலும்.

விசைப்பலகை விளக்கை அணையுங்கள். பயன்படுத்தாத யூஎஸ்பி கருவிகளையும், செருகியபடியே மறந்துபோன எஸ்டி கார்டையும் எடுத்துவிடுங்கள். புளூடூத்தை அணைப்பதால் கிடைப்பது மிகச் சொற்பம். ஹெட்போன் வைத்திருந்தால் அதற்காகச் சிரமப்பட வேண்டாம்.

ஒரே ஒரு மேலாளர்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மின்சாரத்தை நிர்வகிக்க லினக்ஸில் பல கருவிகள் உண்டு. உபுண்டுவில் பவர் புரொஃபைல்ஸ் டேமன் முன்னிருப்பாகவே இருக்கிறது. ஃபெடோரா 2024இல் வந்த 41ஆம் பதிப்பிலிருந்து டியூன்ட் என்ற கருவிக்கு மாறிவிட்டது. இவை தவிர டிஎல்பி, ஆட்டோ சிபியூஃப்ரெக் ஆகியவற்றை நாமே நிறுவிக்கொள்ளலாம். இவை எல்லாம் தொடுவது ஒரே திருகுகளை. பிராசசர் எவ்வளவு வேகமாக ஓடலாம், எவ்வளவு சிக்கனம் காட்ட வேண்டும் என்று ஒன்று எழுதிவைத்ததை இன்னொன்று அழித்து எழுதும். இரண்டை நிறுவினால் இரட்டிப்புச் சேமிப்பு என்பது வெறும் ஆசை. எப்போது எது வெல்லும் என்றே தெரியாத ஒரு கணினிதான் கிடைக்கும்.

என் பரிந்துரை இது. உபுண்டு, ஃபெடோரா போன்ற உங்கள் லினக்ஸ் வழங்கலோடு வந்ததை முதலில் பயன்படுத்திப் பாருங்கள். மேசைச் சூழலின் மேல் மூலையில் இருக்கும் மெனுவில் செயல்திறன், சமநிலை, மின்சிக்கனம் என்று மூன்று நிலைகள் இருக்கும். எல்லாக் கணினியிலும் மூன்றும் இருக்காது, இரண்டு மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பேட்டரியில் இருக்கும்போது மின்சிக்கனத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணைப் பாருங்கள்.

சும்மா இருக்கும்போது இந்த நிலைகளுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். வேலையில்லாத பிராசசர் எந்த நிலையிலும் தூங்கத்தான் செய்யும். உலாவியில் பக்கங்களைத் திறக்கும்போதும் நிரலைத் தொகுக்கும் (கம்பைல்) வேலை ஓடும்போதும்தான் வேறுபாடு தெரியும். எனவே இதைச் சோதிக்க, உங்கள் வழக்கமான வேலையைக் கால் மணி நேரம் செய்தபடி அளப்பதே சரி.

டிஎல்பி எப்போது வேண்டும்? கணினி சார்ஜரிலிருந்து பேட்டரிக்கு மாறும்போது வைஃபை, ஒலிச் சிப், வட்டு, உள்ளே இருக்கும் கருவிகளைப் பிராசசரோடு சேர்க்கும் பிசிஐ இணைப்புகள் எல்லாம் தாமாகச் சிக்கன நிலைக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. அதை நிறுவினால் பவர் புரொஃபைல்ஸ் டேமனையோ டியூன்டையோ நீக்கிவிடுங்கள். சில வழங்கல்கள் அதைத் தாமே செய்துவிடும். நீக்கியபின் அந்த மூன்று நிலை மெனு மறைந்துபோகலாம். அது பிழையன்று. டிஎல்பியின் முன்னிருப்பு அமைப்புகளே பெரும்பாலோருக்குப் போதும். அமைப்புக் கோப்பு நீளமானது, எல்லா வரியையும் திருத்திப் பார்க்கச் சொல்லிக் கை துறுதுறுக்கும். ஒரு வாரத்துக்காவது அதைத் தொடாமல் இருங்கள்.

பிராசசரைப் பற்றி இன்னொன்று. புதிய கணினியில் பழைய கெர்னலை, அதாவது லினக்ஸின் மைய நிரலை, ஓட்டுவது பேட்டரிக்குக் கேடு. ஏஎம்டி ரைசன் பிராசசர்கள் தம் வேகத்தையும் சிக்கனத்தையும் தாமே நுட்பமாகத் தீர்மானிக்க உதவும் பிஸ்டேட் இயக்கியின் (வன்பொருளைக் கெர்னலோடு பேசவைக்கும் நிரல்) முழுமையான வடிவம் 2023இல் வந்த 6.3 கெர்னலில்தான் சேர்ந்தது. நிலைத்த பதிப்பு என்று நம்பி அதற்கு முந்தைய கெர்னலோடு உட்கார்ந்திருப்பவர் அந்தப் பலனை இழக்கிறார். கணினி எவ்வளவு புதியதோ, கெர்னலும் அவ்வளவு புதியதாக இருக்கட்டும்.

இரண்டாவது கிராஃபிக்ஸ் சிப்

பிராசசரோடு ஒட்டிய சிறு கிராஃபிக்ஸ் ஒன்றும், என்விடியா போன்ற தனிச் சிப் ஒன்றும் சேர்ந்தே வரும் மடிக்கணினிகள் ஏராளம். அன்றாட வேலைக்குச் சிறியதே போதும். பெரியது அந்த நேரத்தில் முழுவதுமாக மின்சாரம் துண்டிக்கப்பட்டுத் தூங்க வேண்டும். அது தூங்காமல் வெறுமனே விழித்திருந்தாலே பல வாட் போய்விடும். பதினைந்து வாட் கணினி ஒன்று எட்டு வாட்டுக்கு இறங்குவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தைச் சரிசெய்வதால்தான்.

என்விடியாவில் டூரிங் தலைமுறையிலிருந்து, அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளிலிருந்து, வேலையில்லாதபோது சிப் தானே அணைந்துகொள்ளும் வசதியை நிறுவனத்தின் லினக்ஸ் இயக்கி தருகிறது. அதற்கு முந்தைய சிப் வைத்திருப்பவர்களுக்கு அந்த இயக்கியில் இந்தத் தானியங்கி வசதி இல்லை. அவர்கள் தேவைப்படாத நாட்களில் அதைக் கையால் அணைத்து வைப்பதே நல்லது.

உபுண்டுவில் என்விடியா இயக்கியோடு பிரைம் செலக்ட் என்ற கருவி வரும். அதில் மூன்று தெரிவுகள்: என்விடியா மட்டும், தேவைப்படும்போது மட்டும், உள்ளமைந்த சிப் மட்டும். முதலில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, கணினியை மறுபடி தொடங்கி, வாட் எண்ணைக் குறியுங்கள். இதுதான் உங்கள் கணினி தொடக்கூடிய அடிமட்டம். பிறகு இரண்டாவது தெரிவுக்கு மாறி, மறுபடி தொடங்கி, அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சிப் ஒழுங்காகத் தூங்குகிறது. இரண்டாவது தெரிவிலேயே நிம்மதியாக இருக்கலாம். பெரிய இடைவெளி இருந்தால் ஏதோ அதைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. மற்ற வழங்கல்களில் இதே வேலைக்கு என்வி கன்ட்ரோல் என்ற கருவி பயன்படும்.

எழுப்புகிறவை எவை? வெளித்திரை முதல் சந்தேகம். பல கணினிகளில் ஹெச்டிஎம்ஐ துளை நேரடியாகத் தனிச் சிப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் திரையைச் செருகினால் சிப் தூங்கவே முடியாது, எந்த அமைப்பாலும் அதை மாற்றவும் முடியாது. யூஎஸ்பி சி துளை வழியாக இணைத்துப் பாருங்கள், அது சில வேளை உள்ளமைந்த சிப்போடு சேர்ந்திருக்கும். அடுத்தது, வெப்பநிலையை மேசை மூலையில் காட்டிக்கொண்டேயிருக்கும் சிறு செயலிகள். சிப்பின் நிலையைக் கேட்பதற்காகவே அவை அதை எழுப்பிவிடுகின்றன. என்விடியாவின் எஸ்எம்ஐ கட்டளையும் அப்படித்தான்: தூங்குகிறதா என்று அதை வைத்துப் பார்த்தால், விழித்திருக்கிறது என்ற பதில்தான் வரும், ஏனென்றால் கேட்டவரே எழுப்பியிருப்பார்.

இயக்கியைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டால் சிப் அணைந்துவிடும் என்று சில பழைய குறிப்புகள் சொல்லும். இயக்கி இல்லாத சிப்பைத் தூங்கச் சொல்ல ஆளே இல்லாமல், அது முழு மின்சாரத்தோடு உட்கார்ந்திருக்கவும் கூடும். வாட் எண்ணைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

உலாவியும் காணொளியும்

இன்று பெரும்பாலோர் மடிக்கணினியில் செய்வது உலாவியைத் திறந்து வைத்திருப்பதுதான். காணொளி ஓடும்போது சுருக்கி அனுப்பிய படத்தை விரிக்கும் வேலையை இரண்டு வகையில் செய்யலாம். கிராஃபிக்ஸ் சிப்பில் அதற்கென்றே இருக்கும் தனிச் சுற்று செய்தால் செலவு மிகக் குறைவு. அது கிடைக்காதபோது பிராசசரே மென்பொருளால் செய்யும்; விசிறி சுழலும், உள்ளங்கை சுடும். இந்த இரண்டாவது நிலையில் சிக்கியிருந்தும் தெரியாமல் இருப்பவர்கள் லினக்ஸில் நிறைய.

ஃபயர்ஃபாக்ஸ் 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பில் இன்டெல் கிராஃபிக்ஸுக்கும், 2025இல் வந்த 136ஆம் பதிப்பில் ஏஎம்டிக்கும் வன்பொருள் விரிப்பை முன்னிருப்பாக இயக்கியது. பழைய பதிப்பில் இருந்தால் முதலில் மேம்படுத்துங்கள். பிறகு முகவரிப் பட்டையில் அபவுட் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து மீடியா பகுதிக்கு இறங்குங்கள். ஒவ்வொரு காணொளி வடிவத்துக்கும் எதிரே வன்பொருள் ஆதரவு இருக்கிறதா என்று அட்டவணை சொல்லும்.

எல்லாம் இல்லை என்று காட்டினால், தேவையான கிராஃபிக்ஸ் இயக்கித் தொகுப்பு இல்லை என்று பொருள். ஃபெடோராவில் இது அடிக்கடி நேரும். காப்புரிமைச் சிக்கலால் எச் 264, எச் 265 வடிவங்களுக்கான வன்பொருள் ஆதரவை அந்த வழங்கல் தன் மேசா என்ற கிராஃபிக்ஸ் இயக்கித் தொகுப்பிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளி மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து, அங்கிருந்து முழுமையான தொகுப்பை நிறுவினால் சரியாகும். இன்டெல் கிராஃபிக்ஸுக்கு இன்டெல் மீடியா டிரைவர் என்ற தனித் தொகுப்பு இருக்கிறது. வழங்கலுக்கு வழங்கல் பெயர் சற்று மாறும்.

ஒரே ஒரு வடிவம் மட்டும் இல்லை என்றால் அது பெரும்பாலும் ஏவி1 ஆக இருக்கும். இதை விரிக்கும் சுற்று இன்டெலில் 11ஆம் தலைமுறைக் கோர் பிராசசர்களிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தைய கணினியில் யூடியூப் ஏவி1 காணொளியை அனுப்பினால் பிராசசர்தான் முழுச் சுமையையும் தூக்கும். யூடியூப்பை எச் 264 வடிவத்தையே கேட்க வைக்கும் சிறு நீட்சிகள் உலாவிகளுக்குக் கிடைக்கின்றன. தெளிவு 1080க்கு மேல் போகாது. பத்து ஆண்டுப் பழைய கணினியின் திரைக்கு அதுவே தாராளம்.

விளம்பரத் தடுப்பானை நிறுவுங்கள். பேட்டரிக் கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். பக்கத்தின் ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் பிராசசரைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒரு செய்தித் தளத்தைத் திறந்து வைத்து, தடுப்பானுடனும் இல்லாமலும் அளந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். அரட்டைச் செயலிகளும் குழு உரையாடல் செயலிகளும் பெரும்பாலும் மாறுவேடமிட்ட உலாவிகளே. நான்கைந்தைத் திறந்து வைத்தால், நான்கைந்து உலாவிகள் ஓடுகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பவர்டாப் சொல்வதைக் கேட்பது

இன்னும் எண் இறங்கவில்லையா? பவர்டாப்பை நிறுவுங்கள். இன்டெல் 2007இல் வெளியிட்ட இந்தக் கருவி, கணினியைத் தூங்கவிடாமல் செய்வது யார் என்று காட்டிக்கொடுக்கும். சார்ஜரைக் கழற்றி, நிர்வாகி உரிமையோடு இயக்குங்கள். டேப் விசையை அழுத்தினால் ஒவ்வொரு பக்கமாக நகரும்.

முதல் பக்கத்தில் ஒவ்வொரு செயலியும் நொடிக்கு எத்தனை முறை பிராசசரை எழுப்புகிறது என்று தெரியும். எதையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு செயலி நூற்றுக்கணக்கில் எழுப்பினால் அதை மூடிவிட்டு எண்ணைப் பாருங்கள். கோப்புகளைப் பட்டியலிடும் கருவிகள், க்னோம் மேசைச் சூழலில் டிராக்கர் (இப்போதைய பெயர் லோக்கல்சர்ச்), கேடிஇ மேசைச் சூழலில் பலூ, புதிதாக நிறுவிய முதல் நாளில் இங்கே மேலே நிற்கும். அது இயல்பு. ஓரிரு நாளில் அடங்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் எதிரே பவர்டாப் காட்டும் வாட் எண்கள் மதிப்பீடுகளே. மேலே தெரியும் மொத்தப் பேட்டரிச் செலவைத்தான் நம்பலாம்.

இரண்டாவது பக்கம் பலர் தாண்டிவிடும் பக்கம், ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது. சி1, சி6, சி10 என்ற பெயர்களில் பிராசசரின் உறக்க நிலைகள் தெரியும். எண் பெரிதானால் உறக்கம் ஆழம். இடப்பக்கம் பேக்கேஜ் என்ற பத்தியைப் பாருங்கள். சும்மா இருக்கும் இன்டெல் கணினியில் பெரும்பகுதி நேரம் சி8, சி10 போன்ற ஆழமான நிலைகளில் இருக்க வேண்டும். சி2, சி3 என்ற அளவிலேயே நின்றுவிட்டால், பிராசசர் தயாராக இருந்தும் பிசிஐ வழியில் இணைந்த ஏதோ ஒரு கருவி முழுச் சிப்பையும் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. என்விஎம்இ வட்டு, கார்டு படிப்பான், வைஃபை அட்டை ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். கணினியின் ஃபர்ம்வேரை (வன்பொருளுக்குள்ளேயே பதிந்த மென்பொருள்) மேம்படுத்துவதாலேயே இது சரியாவதுண்டு. மென்பொருள் மையத்தின் புதுப்பிப்புப் பகுதியில் ஃபர்ம்வேரும் வருகிறதா என்று பாருங்கள்.

டியூனபிள்ஸ் பக்கத்தில் பேட், குட் என்று குறித்த ஒரு பட்டியல் இருக்கும். எண்டர் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குட் ஆக்கும் வழியும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். யூஎஸ்பி மவுஸ் இரண்டு நொடிக்கொரு முறை தூங்கி விழிப்பதும், ஒலி தொடங்கும்போது 'டக்' என்று கேட்பதும் அதன் பலன்களே. ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அளந்து பாருங்கள், பலன் தருவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் இவை எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால் எதுவும் நிரந்தரமாகக் கெட்டுவிடாது. குறித்துக்கொண்டவற்றை நிலையாக வைக்க டிஎல்பி உதவும்.

மூடி வைத்த கணினியில் பேட்டரி எப்படிக் கரைகிறது

இரவு 80 சதவீதத்தில் மூடி வைத்தது காலையில் 50இல் இருக்கும். இது லினக்ஸ் பயனர்களின் நெடுநாள் குறை. காரணம் பெரும்பாலும் வன்பொருள் செய்தவர்கள் எடுத்த முடிவு. முன்பெல்லாம் மடிக்கணினியை மூடினால் எஸ்3 என்ற நிலைக்குப் போகும்: நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கிடைக்கும், மற்ற எல்லாம் அணைந்துவிடும். இப்போது வரும் பல கணினிகளில் அந்த நிலையே இல்லை. கைபேசியைப் போல அரைவிழிப்பில் இருந்து உடனே எழும் முறை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. இதில் எல்லாக் கருவிகளும் தனித்தனியே ஒழுங்காகத் தூங்கினால்தான் செலவு குறையும். ஒன்று முரண்டு பிடித்தாலும் பைக்குள் கணினி சூடாகிக்கொண்டிருக்கும்.

எது உங்களிடம் இருக்கிறது என்று பார்க்க, சிஸ் அடைவுக்குள் பவர் என்ற அடைவில் மெம் ஸ்லீப் என்ற கோப்பைப் படியுங்கள். அதில் டீப் என்ற சொல் இருந்தால் பழைய எஸ்3 கிடைக்கிறது. சதுர அடைப்புக்குள் இருப்பதே இப்போது பயன்பாட்டில் உள்ளது. டீப் இருந்தும் தேர்வாகவில்லை என்றால், கெர்னலின் தொடக்க அளவுருவால், அதாவது இயங்கத் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் அமைப்பால், அதை முன்னிருப்பாக்கலாம். அதற்கு முன் சிலமுறை தூங்கவைத்து எழுப்பிப் பாருங்கள். சில கணினிகள் அந்த உறக்கத்திலிருந்து எழ மறுக்கும். சில திங்க்பேட்களில் பயாஸுக்குள்ளேயே உறக்க முறையை லினக்ஸுக்கு ஏற்றதாக மாற்றும் தெரிவு இருக்கிறது, அது கைக்கு எட்டிய வழி.

டீப் என்ற சொல்லே இல்லையென்றால் இருப்பதைச் சரிசெய்வதுதான் வழி. கெர்னலையும் ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள். வயர்லெஸ் மவுஸின் சிறு துண்டைக் கழற்றிவிட்டு ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். ஏஎம்டி கணினிகளுக்கு, உறக்கத்தைக் கெடுப்பது எது என்று சோதித்து அறிக்கை தரும் கருவியை அந்த நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. மணிக்கு 1 சதவீதத்துக்குள் குறைந்தால் நான் அதற்கு மேல் நேரம் செலவழிக்க மாட்டேன்.

அடுத்த வழி ஹைபர்னேட். நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டுக் கணினி முழுவதுமாக அணைந்துகொள்ளும், செலவே இல்லை. அப்படி எழுதிவைக்க வட்டில் ஒதுக்கும் ஸ்வாப் இடம் நினைவகத்தின் அளவுக்காவது வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும்போது உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் கெர்னல்கள் ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும் என்பதையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். இரண்டு தடையும் இல்லாதவர்களுக்கு, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தரும் நடுவழி அருமையானது: மூடினால் முதலில் தூங்கும், நீங்கள் குறித்த நேரம் கடந்தபின் தானே ஹைபர்னேட் ஆகிவிடும்.

பேட்டரியின் ஆயுள்

இதுவரை பார்த்தது ஒரு சார்ஜ் எவ்வளவு நேரம் வரும் என்பது. பேட்டரி எத்தனை ஆண்டு வரும் என்பது வேறு கணக்கு. லித்தியம் அயான் செல்களுக்குப் பிடிக்காதவை இரண்டு: வெப்பமும், முழு சார்ஜில் நெடுநேரம் இருப்பதும். எப்போதும் சார்ஜரோடு 100 சதவீதத்தில் மேசைமேல் இருக்கும் கணினிக்கு இரண்டும் சேர்ந்தே அமைகின்றன. அதனால் சார்ஜை 80ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வது நல்லது.

கேடிஇ பிளாஸ்மாவில் 2020இல் வந்த 5.20 பதிப்பிலிருந்தே சார்ஜ் வரம்பை மின்சார அமைப்புகளில் வைக்க முடிகிறது. க்னோமில் 2025இல் வந்த 48ஆம் பதிப்பில் பேட்டரி ஆயுளைக் காக்கும் தெரிவு சேர்ந்தது. இரண்டும் உங்கள் கணினியின் வன்பொருள் அனுமதித்தால்தான் தெரியும். டிஎல்பியின் அமைப்புக் கோப்பில் திங்க்பேடுக்குத் தொடக்க, நிறுத்த வரம்புகளையும், ஆசுஸுக்கு நிறுத்த வரம்பையும் எழுதலாம். டிஎல்பி ஸ்டாட் கட்டளையின் பேட்டரிப் பகுதி, உங்கள் கணினி எவற்றை ஏற்கும் என்று சொல்லிவிடும். சில கணினிகளில் பயாஸில் மட்டுமே இந்த வசதி இருக்கும். பயணத்துக்கு முந்தைய இரவு வரம்பை நீக்கி முழுவதும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் 100 தொட்டால் ஒன்றும் ஆகாது.

மாதம் ஒருமுறை பேட்டரியை அடியோடு காலி செய்ய வேண்டும் என்பது நிக்கல் பேட்டரிகளின் காலத்து அறிவுரை. மீதிச் சதவீதத்தைத் தப்பாகக் காட்டி, 20இல் இருந்து சட்டென்று அணைந்தால் மட்டும் ஒருமுறை முழுவதும் இறக்கி ஏற்றினால் அளவு காட்டும் சிப் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

லினக்ஸ் அல்லாதவர்களுக்கும், பழைய குறிப்புகளை நம்புகிறவர்களுக்கும்

லினக்ஸைப் போன்ற வேறொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் பயனர்கள் பவர்டி சேவையை இயக்கினால் பிராசசர் வேகம் சுமைக்கேற்ப ஏறி இறங்கும். ஓப்பன்பிஎஸ்டியில் அந்த வேலை ஏபிஎம்டியுடையது. அளந்து மாற்றும் முறை அங்கும் அதேதான்.

தேடுபொறியில் கிடைக்கும் குறிப்பின் தேதியைப் பாருங்கள். ஆர்சி6 என்ற இன்டெல் கிராஃபிக்ஸ் அளவுருவைச் சேர்க்கச் சொல்லும் கட்டுரைகள் இன்றும் கிடைக்கின்றன. அந்த அளவுருவைக் கெர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பிசிஐ சிக்கனத்தைக் கட்டாயப்படுத்தும் அளவுருவோ அப்படிச் சாதுவானதன்று. அதை ஏற்காத வன்பொருளில் கணினி உறைந்து நிற்கும். லேப்டாப் மோட் டூல்ஸ் என்ற கருவி சுழலும் வட்டுகளின் காலத்துக்கு உரியது.

பேட்டரியை மாற்றும்போது

எனர்ஜி ஃபுல் பாதிக்குக் கீழே போய்விட்டால் மென்பொருளால் செய்யக்கூடியது அதிகமில்லை. புதியதை வாங்கும்போது கணினியின் பெயரை மட்டும் நம்பாமல், பழைய பேட்டரியின் மேல் அச்சிட்ட பகுதி எண்ணையும் மின்னழுத்தத்தையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று வகைப் பேட்டரிகள் வருவதுண்டு. மாற்றியதும் யூபவர் பட்டியலை ஒருமுறை பார்த்து, எனர்ஜி ஃபுல் டிசைன் விற்றவர் சொன்ன எண்ணோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பழையது உப்பியிருந்தால், டச்பேட் மேலெழும்பி நிற்பதே அதன் முதல் அறிகுறி, உடனே கணினியை அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். குப்பையோடு போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.